பூசாரிகள் போதும்: கணினி விளையாட்டு வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எந்த விளையாட்டை எந்தக் கடையில் மட்டும் விற்பது, எந்த லாஞ்சர் (விளையாட்டுக்கு முன்னால் திறந்துகொள்ளும் நிறுவனத்தின் செயலி) வழியாகத் திறக்க வைப்பது என்று முடிவெடுக்கும் வெளியீட்டு நிறுவன அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நிரல் எழுதுகிறவர்களுக்கும் ஓவியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் இந்தக் கடிதத்தில் ஒரு குறையும் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்து முடித்த வேலைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவை வைத்து, அதற்கொரு பூட்டைப் போட்டு, பூட்டுக்குக் கடவுச்சொல்லும் கேட்கிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு, எனக்கே எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தது. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். அலுவலக மடிக்கணினியை மூடிவிட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரு விளையாட்டை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று உட்கார்ந்தேன். தனி ஆளாக விளையாடும் விளையாட்டு அது. இணையத்தில் யாரோடும் போட்டி கிடையாது. ‘விளையாடு’ பொத்தானை அழுத்தினேன். வெளியீட்டாளரின் லாஞ்சர் திறந்தது. முதலில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பிறகு, நீ யார் என்று கேட்டது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன், தவறு என்றது. மாற்றித் தருகிறேன் என்றேன். ஆறு இலக்க எண் ஒன்றை மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. நான் திறந்தே இரண்டு ஆண்டுகளான பழைய முகவரி அது. அதன் கடவுச்சொல்லைத் தேடி எடுத்து உள்ளே போவதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. இன்னொரு எண் வாங்கினேன். அடுத்து, நான் மனிதன்தானா என்று பார்ப்பதற்காக ஒரு யானைப் பொம்மையை விரல் காட்டும் பக்கம் திருப்பச் சொன்னது. பத்து முறை. ஏழாவது முறைக்குள் அந்த யானைக்கு முகம் எது, முதுகு எது என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அதற்குப் பிறகு புதிய விதிமுறைகள். கடைசி வரி வரை உருட்டினால்தான் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானுக்கு உயிர் வரும். உருட்டினேன், ஒப்புக்கொண்டேன். உடனே அதே விளையாட்டின் அடுத்த பாகத்துக்கான விளம்பரம் திரை முழுக்க விரிந்தது.

விளையாட்டு திறந்தபோது மணி பத்து இருபது. என் குதிரையை லாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, ஊர் எல்லையில் இருக்கும் பாலம் வரை ஓட்டிப்போய், சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். நான் வரம் கேட்டுப் போகவில்லை. காசு கொடுத்து வாங்கியதைத்தான் கேட்டேன்.

‘ஒரு லாஞ்சருக்கா இவ்வளவு புலம்பல்’ என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று நாங்கள் பெரும்பாலோர் விரும்பிப் பயன்படுத்தும், வால்வ் நிறுவனத்தின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீம்கூட இப்படி வலுக்கட்டாயமாக உள்ளே வந்ததுதான். 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, கடையில் குறுந்தகடு வாங்கியவர்கள்கூட ஸ்டீமை நிறுவி இணையத்தில் பதிவு செய்தால்தான் விளையாட முடிந்தது. அப்போது திட்டாத ஆள் கிடையாது. நானும் திட்டினேன். அன்று வால்வ் நிறுவனத்தின் மேல் இருந்த கோபத்தைப் பார்த்திருந்தால், இருபது ஆண்டு கழித்து அதே ஸ்டீமுக்காக நாங்கள் வரிந்து கட்டிக்கொண்டு வருவோம் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எப்படி மாறினோம்? பழகிப்போனதும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் பழக்கம் மட்டும் போதாது. விளையாட்டு தானாகப் புதுப்பித்துக்கொண்டது. சேமித்த இடம் வேறொரு கணினியிலும் கிடைத்தது. மற்ற விளையாட்டாளர்கள் எழுதிய மதிப்புரைகளை, வசவுகள் உட்பட, கடையிலேயே படிக்க முடிந்தது. 2015 ஜூனிலிருந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தத் திட்டமும் தானாகக் கனிந்ததாகச் சொல்ல முடியாது; பணம் திரும்பப் பெறும் உரிமையை மறுத்ததற்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014இலேயே வால்வ் மீது வழக்குப் போட்டிருந்தது, 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விழுந்தது. எப்படியோ, வாங்குகிறவனுக்குப் பயன்படுகிற கடையாக அது மாறியது.

நீங்கள் திறந்த கடைகளைப் பற்றி இதைச் சொல்ல முடியவில்லை. 2011இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆரிஜின் என்ற சொந்தக் கடையைத் திறந்தது. அதன் புதிய பெரிய விளையாட்டுகள் ஸ்டீமுக்கு வருவது நின்றுபோனது. 2018இல் பெதஸ்டா, ஃபால்அவுட் 76ஐத் தன் லாஞ்சரில் மட்டும் விற்றது. 2019இல் யூபிசாஃப்டும் புதிய விளையாட்டுகளை ஸ்டீமுக்குத் தருவதை நிறுத்தியது. எங்கள் கணினிகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு, ஒரு நண்பர் பட்டியல், பின்னணியில் ஓடும் ஒரு செயலி என்று குவிந்தது. இவற்றில் ஒன்றாவது எனக்கு ஸ்டீம் தராத எதையாவது தந்ததா என்று நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். கடவுச்சொற்களை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வாங்கியதுதான் நினைவுக்கு வருகிறது.

2018 டிசம்பரில் எபிக் கேம்ஸ் ஸ்டோர் வந்தது. அது சொன்ன காரணம் நியாயமானது. ஸ்டீம் விற்பனையில் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, நாங்கள் 12 சதவீதம்தான் எடுப்போம், மீதி 88 சதவீதம் உருவாக்கியவர்களுக்கே என்றது. எபிக் வரப்போகிறது என்ற வாடை அடித்ததாலோ என்னவோ, சில நாட்களுக்கு முன்பு ஸ்டீமும் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால் 25, ஐந்து கோடிக்கு மேல் விற்றால் 20 சதவீதம் என்று குறைத்திருந்தது. பெரிய முதலாளிகளுக்குத் தள்ளுபடி, சின்னவர்களுக்குப் பழைய விகிதம். ஸ்டீமின் மேல் எனக்கிருக்கும் மனத்தாங்கல்களில் இது முக்கியமானது. ஆகவே எபிக்கை நான் வரவேற்கவே நினைத்தேன்.

ஆனால் இரண்டு மாதம் முடிவதற்குள் மெட்ரோ எக்ஸோடஸ் விவகாரம் வந்தது. பல மாதங்களாக ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த விளையாட்டு அது. வெளியாக இரண்டு வாரம் சொச்சம் இருக்கும்போது, 2019 ஜனவரி இறுதியில், இனி ஓராண்டுக்கு எபிக்கில் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது. மற்றவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. இது வாடிக்கையாளர்களுக்கு நியாயமல்ல என்று ஸ்டீமே அந்த விளையாட்டின் பக்கத்தில் எழுதி வைத்தது. அமெரிக்காவில் விலை 60 டாலரிலிருந்து 50 ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்த கமிஷனின் பலன் வாங்குகிறவனுக்கும் வருமோ என்று அன்று நம்பியவர்கள் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் அதே கடையில் மட்டும் வந்த பார்டர்லேண்ட்ஸ் 3இன் விலை, பழைய 60 டாலர்தான்.

இன்னும் கசப்பானது, ரசிகர்கள் முன்கூட்டியே திரட்டிக் கொடுத்த பணத்தில் உருவானவற்றைத் தூக்கிக்கொண்டு போனது. ஷென்மூ 3க்கு 2015இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ரசிகர்கள் 63 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கணினியில் விளையாட நினைத்தவர்களுக்கு ஸ்டீம் வழியாகக் கிடைக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு வளர்க்கப்பட்டிருந்தது. 2019 ஜூனில் எபிக் மட்டும் என்றார்கள். ஃபீனிக்ஸ் பாயின்ட் கதையும் ஏறத்தாழ இதுதான். பிறகு பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். ஆனால் அந்த ரசிகன் கொடுத்தது வெறும் விலையாக இருக்கவில்லை. விளையாட்டு வருமா வராதா என்று யாருக்கும் தெரியாத காலத்தில் நம்பிக் கொடுத்த பணம் அது. நான்கு ஆண்டு கழித்து வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்து, கணக்குச் சரியாகிவிட்டது என்றால், கணக்கு எங்களுக்கும் தெரியும்.

அந்தக் கடை அப்போது எப்படி இருந்தது என்பது இன்றைக்கு வேடிக்கையாகத் தோன்றும். வாங்கப்போகும் பொருள்களைச் சேர்த்து வைக்கும் கூடை கூடக் கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் பணம் கட்ட வேண்டும். 2019 மே மாதத் தள்ளுபடி விற்பனையில் அடுத்தடுத்து நாலைந்து விளையாட்டுகளை வாங்கியவர்களின் கணக்குகளை, ஏதோ மோசடி நடக்கிறது என்று நினைத்து அந்தக் கடையே முடக்கியது. கூடை 2021 டிசம்பரில் வந்தது, மூன்று ஆண்டு கழித்து. பிரத்தியேக உரிமைகளுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு துளி போதும் கூடைக்கு.

நான் இரட்டை வேடம் போடுகிறேனா என்ற கேள்வி உங்களுக்கு வரலாம். அந்தக் கடையை நிறுவவே மாட்டேன் என்று 2019இல் சபதம் செய்தேன். வாரம் ஒரு விளையாட்டு இலவசம் என்றதும் சபதம் கலைந்தது. இன்று அதில் எனக்கு இருநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. திறந்து பார்த்தவை ஏழோ எட்டோ. காசு கொடுத்து அங்கே ஒன்றும் வாங்கியதில்லை. இதில் பெருமைப்பட ஏதுமில்லை. இலவசத்துக்கு வரிசையில் நிற்பவன் வாடிக்கையாளனாகிவிட மாட்டான் என்பதற்கு நானே சாட்சி என்ற அளவில் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. எங்கள் தரப்பில் அசிங்கமும் நடந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஊப்லெட்ஸ் என்ற சின்னஞ்சிறு விளையாட்டை உருவாக்கியவர்கள் எபிக்கில் மட்டும் வெளியிடுவதாகக் கொஞ்சம் கிண்டலான தொனியில் அறிவித்தார்கள். அதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் வசவுகளும் மிரட்டல்களும் அவர்களுக்குப் போயின. வேலை கைவிட்டுப் போகாமலிருக்க ஓர் உத்தரவாதத் தொகையை ஏற்றுக்கொண்ட சிலரைப் போய் அடிப்பதற்குப் பெயர் நுகர்வோர் எதிர்ப்பு அல்ல, ரவுடித்தனம். அதேபோல, எபிக்கே முதல் போட்டு எடுத்த ஆலன் வேக் 2 எபிக்கில் மட்டும் விற்கப்படுவதிலும் எனக்கு வழக்கில்லை. அவர்கள் பணமில்லாமல் அந்த விளையாட்டே இருந்திருக்காது. முடிந்துபோன விளையாட்டை, எல்லாக் கடைகளுக்கும் வரவிருந்த விளையாட்டை, மற்ற கடைகளில் இருந்து எடுப்பதற்காகவே பணம் கொடுக்கிறார்களே, அதில்தான் வழக்கு.

ஸ்டீமை நாங்கள் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. எல்லாரும் ஒரே கடையில் வாங்குவது நல்லதற்கல்ல என்பது தெரியும். விலை விஷயத்தில் வால்வ் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று வுல்ஃபயர் என்ற சிறு நிறுவனம் 2021இல் போட்ட வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் பெரிய கூட்டு வழக்காக வளர்ந்திருக்கிறது. போட்டி வரட்டும். ஒரே விளையாட்டு நாலு கடையில் இருந்தால், விலையிலோ சேவையிலோ முந்துகிறவரிடம் போய் வாங்குகிறோம். நாலு கடைக்கும் ஆளுக்கொரு விளையாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், நாலு கடைக்காரரும் தத்தம் தெருவில் தனிக்காட்டு ராஜா. எங்களுக்கு அலைச்சல் மட்டும் நாலு மடங்கு.

அலைய மறுத்தவர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். காத்திருக்க. மெட்ரோ 2020 பிப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தது. பார்டர்லேண்ட்ஸ் மார்ச்சில். வரும்போது பிழைகள் திருத்தப்பட்டிருந்தன, கூடுதல் பகுதிகள் சேர்ந்திருந்தன, தள்ளுபடியும் இருந்தது. முதல் நாள் முழு விலை கொடுத்துப் பிழைகளோடு மல்லுக்கட்டும் ஆளாக இருந்தவன் நான். என்னை ஓராண்டு பொறுத்திருக்கும் ஆளாக மாற்றியது உங்கள் பிரத்தியேக ஒப்பந்தங்கள்தான். ஓராண்டு பொறுக்கத் தெரிந்தவனுக்கு இரண்டாண்டு பெரிய விஷயமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கோபத்தைவிட எங்கள் பொறுமை உங்களுக்கு அதிகச் செலவு வைக்கும்.

போனவர்கள் திரும்பியும் வந்தார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019 இறுதியில், யூபிசாஃப்ட் 2022 இறுதியில். பெதஸ்டா 2022 மே மாதத்தில் லாஞ்சரையே மூடிவிட்டு, வாங்கியதை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. ஆனால் முதல் இருவரும் பூசாரியையும் கூடவே கூட்டிவந்தார்கள். ஸ்டீமில் வாங்கி, ஸ்டீமில் திறந்தாலும், இடையில் அவர்களுடைய செயலியும் திறந்து நம்மை விசாரிக்கும். கடையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு எங்கள் மின்னஞ்சல் முகவரியை விட மனமில்லை போலும்.

இந்தப் பூசாரிகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்னாகும் என்பதையும் பார்த்தோம். 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட், அசாசின்ஸ் கிரீட் 2ஐ இணையத் தொடர்பு அறுந்தால் நின்றுவிடும்படி கட்டி வெளியிட்டது. திருட்டைத் தடுக்கத்தான் என்றார்கள். சர்வர்கள் தாக்கப்பட்டுப் படுத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் வெளியே நின்றார்கள். 2021 நவம்பரில் ராக்ஸ்டாரின் லாஞ்சர் ஒரு நாளுக்கும் மேலாகப் படுத்தது. புதிய ஜிடிஏ தொகுப்பு மட்டுமா, பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பழைய விளையாட்டுகளும் கணினியில் திறக்கவில்லை. தனியாக, கதைப் பகுதியை, யாரையும் தொந்தரவு செய்யாமல் விளையாடுகிறவருக்கும் அதே கதிதான். திருடி விளையாடுகிறவன் அந்த நேரமெல்லாம் நிம்மதியாக விளையாடியிருப்பான் என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. பூட்டு இல்லாமல் விற்றால் பிழைக்க முடியாது என்று சொல்லாதீர்கள். விட்சர் 3 வெளியான 2015 மே மாதத்திலேயே ஜிஓஜி கடையில் எந்தப் பாதுகாப்புப் பூட்டும் இல்லாமல் கிடைத்தது. இதுவரை எல்லாக் கருவிகளிலுமாக ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

பயோஷாக் இன்ஃபினிட் விஷயத்தில் நடந்தது எனக்கு இன்றும் புரிவதில்லை. 2013இல் வெளியான விளையாட்டு. ஒன்பது ஆண்டு ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்தது. 2022இல் ஒரு புதுப்பிப்பு வந்து அதற்கொரு லாஞ்சரைப் பூட்டியது. வீடு வாங்கி ஒன்பது ஆண்டு கழித்து, விற்றவர் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது போல. எதிர்ப்பு கிளம்பியது, பின்னால் அந்த நிறுவனமே லாஞ்சரை எடுத்தும்விட்டது. யாருக்கும் தேவைப்படாத ஒன்றை வைப்பதற்கும் எடுப்பதற்கும் சம்பளம் கொடுத்தார்கள் என்பதைத் தவிர இதில் என்ன நடந்தது?

எங்கள் சத்தம் வீணாகவில்லை என்பதற்கு ஹெல்டைவர்ஸ் 2 சாட்சி. 2024 பிப்ரவரியில் வந்து கணினியில் சக்கைப்போடு போட்ட விளையாட்டு. மே 3 அன்று, இனி எல்லாரும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தது. கணக்கு தேவை என்று கடைப் பக்கத்தில் முதலிலிருந்தே எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் விளையாட்டை விற்றிருந்தார்கள்! இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது. அடுத்த ஜனவரியில், தன் வேறு சில விளையாட்டுகளிலும் கணக்கைக் கட்டாயமில்லை என்று தளர்த்தியது. கணக்கை இணைத்தால் விளையாட்டுக்குள் சில பரிசுகள் என்றார்கள். இப்படிக் கேட்டால் நானே யோசிப்பேன்.

உங்கள் பொத்தான்களில் ‘வாங்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு இனி விளக்கம் கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. 2025 ஜனவரி முதல், விற்பது வெறும் உரிமம்தான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் தி குரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் அணைக்கப்பட்டு, தனியாக ஓட்டுகிறவரும் ஓட்ட முடியாமல் போனதிலிருந்து, விற்ற விளையாட்டை முடக்காதே என்று கிளம்பிய இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்த்துவிட்டது. நீங்களாகச் செய்யாததைச் சட்டம் வந்து செய்ய வைக்கும் நாள் தொலைவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முன் நீங்களே செய்துவிட்டால் நல்ல பெயராவது மிஞ்சும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. தனி ஆள் விளையாட்டு, வாங்கிய கடையிலிருந்து நேராகத் திறக்கட்டும். லாஞ்சர் வைத்தே தீருவேன் என்றால் தாண்டிப்போக வழி வையுங்கள். பால்டர்ஸ் கேட் 3இலும் லாஞ்சர் இருக்கிறது. ஸ்டீமில் ஒரு சிறு கட்டளையைச் சேர்த்தால் அது ஒதுங்கிக்கொள்கிறது, ஒருவரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. கணக்கு வேண்டுமென்றால் அதற்கு ஏதாவது கொடுத்துக் கேளுங்கள். ஒருமுறை ஒரு கடையில் முன்பதிவைத் திறந்துவிட்டால், அந்தக் கடையிலிருந்து விளையாட்டை எடுக்காதீர்கள். லாஞ்சரை மூடும் நாள் வந்தால், அதற்கு முன் கடைசியாக ஒரு புதுப்பிப்பு வெளியிட்டு, அது இல்லாமலே விளையாட்டு திறக்கும்படி செய்துவிட்டுப் போங்கள்.

இப்போது என் விருப்பப் பட்டியலில் பதினான்கு விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தின் பக்கத்தில், வேறொரு நிறுவனத்தின் கணக்கும் தேவை என்று எச்சரிக்கும் சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. ஐந்துமே நான் விளையாட ஆசைப்படுபவை. ஒன்றின் முதல் பாகத்தை இரண்டு முறை முடித்திருக்கிறேன். பணமும் எடுத்து வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை போய் அந்தப் பெட்டி போய்விட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். நேற்றும் பார்த்தேன், ஐந்திலும் அப்படியே இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்